முன்னைய உத்தியோகத்தை ஏன் விட்டீர்?

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நேர்முகப் பரீட்சைக்குப் போகும் வாலிபரிடம் படிப்பைப்பற்றிக் கேட்டால் அவர் சான்றிதழை எடுத்து நீட்டுவார். அநுபவத்தைப்பற்றிக் கேட்டால் ஆண்டுக் கணக்கைச் சொல்லுவார். "முன்னைய உத்தியோகத்தை ஏன் விட்டீர்?" என்று கேட்டவுடன் முகம் மாறிவிடும். ஒருவர் வேண்டாததையெல்லாம் கொட்டுவார். இன்னொருவர் வீட்டிலிருந்து பாடமாக்கி வந்த பொய்யை ஒப்புவிப்பார். மற்றொருவர் "சும்மாதான் விட்டனான், சேர்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளுவார். அந்த மேசையின் இரு பக்கத்திலும் இருந்து பார்த்தவர் என்ற முறையில், இன்று இவ்வொரு கேள்வியைப்பற்றி மாத்திரமே பேச எண்ணுகிறோம். சிறிய பொருள்தான். ஆயினும் நமது பிள்ளைகள் பலருடைய சோறு இதிலே தங்கியிருக்கிறது.

நமது தகப்பன்மார் காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இருபது வயதளவிற் கிளறிக்கல் சோதனையிலே சித்தியடைந்து அரசாங்க சேவையிற் புகுந்தவர், இளைப்பாறும் நாள்வரை அதே சேவையில் இருந்தார். ஊர் மாறும், மேசை மாறும், உத்தியோகம் மாறாது. இடையில் ஒருவர் விட்டுவிட்டு வந்தால் ஊரார் ஒழுங்கை முடக்குகளில் நின்று காரணம் தேடினார்கள். அந்த எண்ணத்தின் மிச்சம் இன்றும் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. "நிண்ட இடத்திலை நிலைக்காத பெடியன்" என்று ஒரு சொல்லிலே தீர்ப்பெழுதி விடுகிறோம்.

காலம் அப்படியில்லை. 2019 ஏப்பிரல் 21-ஆந் திகதி குண்டுவெடிப்புகளின் பின்னர் ஹோட்டல்கள் வெறிச்சோடின. 2020 மார்ச்சிற் கொரோனா ஊரடங்கு வந்தது. 2022-இல் டொலர் இல்லாமல் எரிபொருளுக்கும் மூலப்பொருளுக்கும் நாடு தவித்தபோது, எத்தனையோ சிறு தொழிலகங்கள் கதவைச் சாத்தின. 2025 சனவரியில் அமெரிக்க அரசாங்கம் தனது வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்தப் பணத்தை நம்பி நடந்த திட்டங்களில் வேலை செய்தவர்கள், தாங்கள் ஒரு தவறுஞ் செய்யாமலே வீட்டுக்கு வந்தார்கள். பத்து வருடத்துக்குள் மூன்று நியமனக் கடிதம் வைத்திருக்கும் பிள்ளையைக் கண்டு நாம் முகஞ் சுழிப்பதற்கு ஒன்றுமில்லை. பல வேளைகளிற் பிள்ளை உத்தியோகத்தை விடவில்லை. உத்தியோகம் பிள்ளையை விட்டுவிட்டது.

அந்தப் பழைய தலைமுறையிலும் விட்டவர்கள் இல்லாமற் போகவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய பின், சிங்களப் பரீட்சையிற் சித்தியடையாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிலர் சேவையை விட்டார்கள். கோடீஸ்வரன் என்னும் அரசாங்க லிகிதர் விடாமல் நின்று வழக்காடினார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964-இல் அவர் பக்கந் தீர்த்தது. 1967-இல் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. அரசாங்க ஊழியர் தமது சம்பளத்துக்காக வழக்கிடலாமென்று 1969-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் சொல்லிற்று. மொழிச் சட்டஞ் செல்லுமா என்பதை அது தீர்க்காமல் விட்டது வேறு கதை. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. விட்டவரிடமோ நின்றவரிடமோ காரணத்தைக் கேட்டிருந்தால், அதைச் சொல்ல ஒரு வசனம் போதுமாயிருந்திருக்கும். தெளிந்த காரணத்துக்கு நீண்ட பேச்சு வேண்டியதில்லை.

இனி, கேட்பவர் ஏன் கேட்கிறார் என்பதைப் பார்ப்போம். வம்பு கேட்கும் ஆசை சிலரிடம் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம். நல்ல பரீட்சகரின் மனத்திலே மூன்று அச்சம் இருக்கின்றது. இவர் அங்கே விட்டதுபோல ஆறு மாதத்தில் எங்களையும் விடுவாரோ என்பது ஒன்று. தானாக விட்டாரோ, கையாடல் முதலிய குற்றத்துக்காக விலக்கப்பட்டாரோ என்பது இன்னொன்று. எல்லாரோடுஞ் சண்டை பிடிக்கும் சுபாவமுள்ளவரோ என்பது மற்றையது. அபேட்சகர் சொல்லும் விடை இம்மூன்று அச்சத்தையுந் தீர்த்தாற் போதும். பழைய கந்தோரின் சரித்திரம் முழுவதும் அவருக்குத் தேவையில்லை.

இங்கேதான் நமது பிள்ளைகள் இடறுகிறார்கள். பொய் சொல்லலாகாது என்று வீட்டிலும் கோயிலிலும் படித்த பிள்ளை, உண்மை பேசுவதென்றால் எல்லாவற்றையும் பேசுவதென்று நினைத்துக்கொள்கிறது. முகாமையாளர் எப்படிப்பட்டவர், அவருடைய மைத்துனர் எப்படி உள்ளே வந்தார், மேசையில் இருந்த கணினியை யார் மாற்றினார் என்று தொடங்கி, பத்து நிமிடத்திற் தன்னைத்தானே சண்டைக்காரனாகக் காட்டிக்கொண்டு வெளியே வருகிறது. மற்றப் பக்கத்திற் சாமர்த்தியசாலியான பிள்ளை, உண்மை உதவாதென்று முடிவு கட்டிக்கொண்டு ஒரு கதை புனைகிறது. நாம் சொல்ல வந்தது இதுதான்: கேட்பவருக்கு நாம் உண்மையைக் கடன்பட்டிருக்கிறோம், முழுக் கதையையுங் கடன்படவில்லை. சொல்லுவது ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க வேண்டும். மெய்யெல்லாவற்றையுஞ் சொல்லவேண்டுமென்ற கட்டாயமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வரம்பைப் பிடித்து நடக்கப் பழகுவதே காரியம்.

உதாரணமாகச் சம்பளங் கொடாத முதலாளியை எடுத்துக்கொள்வோம். நமது ஊர்களில் இது அருமையான சங்கதியன்று. ஒரு தம்பி வந்து, "அவர் கள்ளன், சேர், எங்கடை உழைப்பிலை வீடு கட்டினவர்" என்கிறார். இன்னொருவர் வந்து, "கடைசி மூண்டு மாசச் சம்பளம் தரேல்லை, சேர். இரண்டு தரம் எழுத்திலை கேட்டனான். பிறகு ஒரு மாச அறிவித்தல் குடுத்து விலகினனான்" என்கிறார். நடந்தது இருவருக்கும் ஒன்றுதான். முதலாமவர் கோபத்தைத் தந்தார். இரண்டாமவர் கணக்கைத் தந்தார். மூன்று மாதம், இரண்டு கடிதம், ஒரு மாத அறிவித்தல். அந்த எண்ணிக்கைகளைக் கேட்டவர் மறு கேள்வி கேட்கமாட்டார். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் நூற்றுக்கு 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் போகவேண்டுமென்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நாம் அறிந்தது. அதைக் கட்டாமல் விட்ட முதலாளியைப்பற்றியும் இப்படியே பேசலாம்: "இத்தனை மாதம் சேமலாப நிதி கட்டப்படவில்லை; தொழிற் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தேன்." வசை ஒன்றும் வேண்டாம். எண்ணே பேசும்.

வசையை நாம் விலக்குவதற்கு ஒழுக்கம் மாத்திரம் காரணமன்று. இது சிறிய நாடு. யாழ்ப்பாணம் அதிலுஞ் சிறியது. மேசைக்கு அப்பால் இருப்பவர் உமது பழைய முகாமையாளரோடு ஒரே கல்லூரியிற் படித்திருப்பார், அல்லது அவருக்குச் சம்பந்தியாயிருப்பார். நீர் பஸ் நிலையத்துக்கு வந்து சேருமுன்னர் தொலைபேசி பேசி முடிந்திருக்கும். அந்தப் பேச்சில் அவர் உம்மைப்பற்றி என்ன சொன்னாலும், நீர் அவரைப்பற்றிச் சொன்னது அளவாக இருந்தால் வெட்கம் உமக்கில்லை.

அடுத்து வருவது சற்றுச் சிக்கலானது. நமது அனுபவத்திற் கூடுதலான பிள்ளைகளை வருத்துவதும் இதுதான். நமது நாட்டில் 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடத்தில், ஒழுக்கக் குற்றமல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியை முன்னதாகவே பெறவேண்டும். ஊழியரைக் காக்க வந்த நல்ல சட்டம். ஆனால் நல்ல சட்டத்துக்கும் ஒரு நிழல் விழுகிறது. ஆணையாளரிடம் போக விரும்பாத முதலாளி, பிள்ளையை அறைக்குள் அழைத்து, "தம்பி, நீராகவே ஒரு கடிதம் எழுதித் தாரும், உமக்கு நல்ல சேட்டிபிக்கற் தருகிறோம்" என்கிறார். பிள்ளை பயந்துபோய், "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று கையொப்பமிட்டுவிடுகிறது.

மூன்று மாதங் கழித்து வேறொரு கந்தோரில், "சொந்தக் காரணம் என்கிறதே, அது என்ன?" என்று கேட்கிறார்கள். இப்பொழுது பிள்ளை என்ன செய்யும்? கடிதத்தைக் காப்பாற்றத் தாய்க்கு வருத்தமென்று ஒரு பொய்யைச் சொன்னால், இல்லாத வருத்தத்துக்கு வைத்தியசாலை, திகதி எல்லாம் புனைய வேண்டி வரும். உள்ளதைச் சொன்னால் கடிதமே பொய்யென்றாகும். ஒரு பிள்ளை இவ்விடத்தில் அழுததை நாம் கண்டிருக்கிறோம். இப்படிச் சொல்லலாமென்பது நமது எண்ணம்: "அங்கே ஆட்குறைப்பு நடந்தது. எங்கள் பகுதியில் நால்வரை விலகும்படி கேட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன். கடிதம் என்னுடைய கையெழுத்தில் இருக்கிறது, கேட்டது நிறுவனம்." ஆட்குறைப்பு மெய்யாயிருந்தால், நால்வர் மெய்யாயிருந்தால், இந்த நாலு வசனமும் போதும். ஆண்டுக் கணக்கிலே ஆட்களை வைத்து வேலை வாங்கிய பரீட்சகர் எவரும் இந்த வழக்கத்தை அறியாதவரல்லர். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். நேர்முகப் பரீட்சைக்கு வேண்டிய ஆயத்தம் அன்று காலையிற் தொடங்குவதன்று. விலகும் நாளிலேயே தொடங்குகிறது. விலகற் கடிதத்தில் எழுதியது, விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது, வாயாற் சொல்லுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ஆகையால் கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். "சொந்தக் காரணம்" என்ற சொற்றொடரை வழக்கமென்று எழுதாமல், எழுதக்கூடிய காரணம் இருந்தால் அதையே எழுதுங்கள். நியமனக் கடிதத்திற் சொல்லிய அறிவித்தற் காலத்தை நிறைவு செய்யுங்கள். பொருள்களையுங் கோவைகளையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெறுங்கள். சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிட்டால், "சேவையை விட்டகன்றவர்" என்று எழுதி வைத்துவிடுவார்கள். அந்த எழுத்தைப் பின்னர் நாவினால் அழிப்பது கடினம்.

ஐந்து வருடக் கணக்கு ஒன்றும் உண்டு. 1983-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்கும். நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு ஒருவர் விலகியிருந்தால், விஷயமறிந்த பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கலாமே?" அதற்கு விடையில்லாவிட்டாற் சந்தேகம் பிறக்கும். விடை இருந்தால், இரண்டரை மாதச் சம்பளத்தைப் போகவிட்டு வந்தவரென்ற மதிப்பே பிறக்கும்.

"சம்பளங் கூட வேண்டுமென்று விட்டேன்" என்று சொல்லலாமோ என்று சில வாலிபர் கேட்கிறார்கள். ஏன் சொல்லக்கூடாது? வயிறு வெட்கப்படவேண்டிய அவயவமன்று. அரிசி, பால்மா, பஸ் கட்டணம் விற்ற விலையை 2022-இல் எல்லாரும் பார்த்தோம். "மூன்று வருடமாகச் சம்பளம் கூடவில்லை, தகப்பனார் இளைப்பாறிவிட்டார், வீட்டுப் பொறுப்பு என்மேல் வந்தது" என்று ஒருவர் நேரே சொன்னால் அதைக் குறைவாக நினைப்பவர் நல்ல முதலாளியல்லர். அதோடு நின்றுவிடாமல், இந்த வேலையிலே தமக்குப் பிடித்தது என்ன, தம்மால் இங்கே செய்யக்கூடியது என்ன என்பதையுஞ் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு கடை ஐயாயிரம் ரூபா கூடத் தந்தால் இவர் அங்கே போவார் என்று கேட்பவர் நினைப்பதில் நியாயமுண்டு.

பல இடம் மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவாமி விபுலாநந்தரை இச்சபையில் அறியாதவர் இல்லை. அவருடைய உத்தியோகப் பட்டியலை மாத்திரம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்தவர், 1922-இல் அதை விட்டுச் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேருகிறார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராகிறார். இரண்டொரு வருடத்தில் அதையும் விடுகிறார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர். பெயரை மறைத்து அந்தத் தாளை இன்றைய பரீட்சகர் ஒருவரிடம் கொடுத்தால், "நிலையில்லாதவர்" என்று ஓரத்திற் குறித்துவிடுவார். ஆனால் அந்த மாற்றங்களுக்கூடாக ஒரு நூல் ஓடுகிறது. கல்வியுந் தமிழும் இசை ஆராய்ச்சியும் எந்த இடத்திலும் அவரை விட்டகலவில்லை. 1947-இல் யாழ்நூல் அரங்கேறியது. நாமெல்லாரும் விபுலாநந்தரல்லர். எனினும் நாலு இடம் மாறிய ஒரு கணக்காளர், "முதலிடத்திற் பேரேடு பழகினேன், இரண்டாவதிற் கணினிக் கணக்கு, மூன்றாவதில் வரி வேலை, இங்கே இம்மூன்றும் வேண்டுமென்று விளம்பரத்திற் கண்டேன்" என்று சொல்லக் கூடுமானால், மாற்றமே அவருக்குத் தகுதியாகிவிடும். அப்படி ஒரு நூல் உண்மையில் ஓடவில்லையென்றால், ஓடியதாகப் பாசாங்கு பண்ணவேண்டாம். "ஒன்று மூடப்பட்டது, ஒன்று எனக்குப் பொருந்தவில்லை" என்பதுங் கௌரவமான விடையே.

குற்றத்துக்காக விலக்கப்பட்டவரைப்பற்றியும் பேசாமல் விடலாகாது. களஞ்சியத்திற் பொருள் குறைந்தது, பொறுப்பாயிருந்தவர் இவர், விசாரணை நடந்தது, வேலை போனது. இப்படிப்பட்டவர் நமது சங்கத்திலும் இருக்கக்கூடும். எழுந்து நிற்கச் சொல்லமாட்டோம். இவர் கேட்குமுன்னரே தாமாகச் சொல்லிவிடுவது நல்லது. மற்றவர் வாயால் வருகிறபோது அது குற்றமாக வரும். தமது வாயால் வருகிறபோது அது நடந்த காரியமாக வரும். "இருப்புக் கணக்கை நான் வாரந்தோறும் எண்ணியிருக்கவேண்டும், மாதமொருமுறை எண்ணினேன். குறைவு வந்தது. பொறுப்பு என்னுடையது என்றார்கள், ஏற்றுக்கொண்டேன். அதன் பின் வேலை செய்த கடையில் நாள்தோறும் எண்ணினேன்." சில இடங்களில் இதற்குப் பிறகும் கதவு மூடப்படும். மூடாத ஒரு கதவு கிடைத்தால், அங்கே வேலை பார்க்கும் வரைக்கும் அவருக்கு மறைக்கவோ அஞ்சவோ ஒன்றுமிராது.

சகோதரிகளின் சங்கடம் வேறு வகையானது. கந்தோரிலே மேலதிகாரி ஒருவரின் நடத்தையினால் ஒரு பெண் விலகுகிறாள். வீட்டிலே "ஒருவருக்குஞ் சொல்லாதே பிள்ளை" என்று தாய் வாயைப் பொத்துகிறாள். நேர்முகப் பரீட்சையில், "நல்ல உத்தியோகமாயிற்றே, ஏன் விட்டனீர்?" என்கிறார்கள். அவள் மௌனமாயிருந்தால் குற்றம் அவளுடையதென்று நினைக்கிறார்கள். பாலியற் தொந்தரவு 1995-ஆம் ஆண்டிலிருந்து நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அதைத் தெரிந்துகொண்டு அவள் நிமிர்ந்திருந்து சொல்லலாம்: "அங்கே பாதுகாப்பாக வேலை செய்யக்கூடிய நிலை இருக்கவில்லை. அதற்கு மேல் இங்கே சொல்ல விரும்பவில்லை." முறைப்பாடு செய்திருந்தால் அந்த ஒரு வசனத்தையுஞ் சேர்க்கலாம். இது முழுக் கதையன்று. ஆனால் முழுதும் மெய். இதற்கு மேற் கிண்டிக் கேட்கும் பரீட்சகர் இருக்கும் இடத்திற் சேர்வதற்கு முன், அவள் ஒருமுறை யோசிப்பதே நலம்.

வன்னியிலிருந்து வந்தவர்களின் படிவங்களில் ஓர் இடைவெளி காணப்படும். 2008 செப்ரெம்பரிலே ஐக்கிய நாடுகள் அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசாங்கத்தாற் பணிக்கப்பட்டன. அங்கே வேலை செய்த உள்ளூர்ப் பிள்ளைகளின் உத்தியோகம் அவ்வளவில் நின்றது. பின்னர் 2009 வந்தது, முகாம் வந்தது. இன்று நாற்பது வயதை எட்டும் ஒருவர் கொழும்பிலே பதவி உயர்வான ஓர் இடத்துக்குப் போகும்போது, "2008-க்கும் 2010-க்கும் இடையில் ஒன்றுமில்லையே?" என்று கேட்கிறார்கள். இதற்கு அழவும் வேண்டாம், அரசியல் பேசவும் வேண்டாம், வெளிநாட்டிற் படித்ததாகப் பொய் சொல்லவும் வேண்டாம். "வேலை செய்த அலுவலகம் 2008 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதன் பின் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தேன். மீள்குடியேறியவுடன் வேலை தேடினேன்." கேட்டவர் தமிழரானாலுஞ் சிங்களவரானாலும் முஸ்லிமானாலும், இந்த விடைக்குப் பின் ஒரு கணம் பேசாதிருப்பார். அந்த மௌனத்தை நிரப்ப முயலவேண்டாம்.

மௌனத்தைப்பற்றிச் சொன்னதால் இதையுஞ் சொல்லிவிடுவோம். நமது பிள்ளைகள் விடையைக் கெடுப்பது பெரும்பாலும் விடை முடிந்த பிறகுதான். நல்ல விடையொன்றைச் சொல்லிவிட்டு, கேட்பவர் எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளைப் பொறுக்கமாட்டாமல், "உண்மையில், சேர், என்னெண்டால்..." என்று மறுபடியுந் தொடங்கிவிடுகிறார்கள். அரை நிமிடத்துக்குள் விடை முடியட்டும். முடிந்தால் வாயை மூடிக்கொண்டு, கேட்டவரின் முகத்தைப் பாருங்கள்.

மொழியும் ஒரு தடை. ஆங்கிலத்திலே கேட்பார்களென்று பயந்து, ஆங்கில வசனங்களை மனனம் பண்ணிக்கொண்டு போகிறார்கள். "புதிய சவால்களைத் தேடுகிறேன்" என்ற பொருள்பட ஒரு வசனம் இருக்கிறது. நாம் ஒரே காலையில் ஆறு பேரிடம் அதைக் கேட்டிருக்கிறோம். இப்பொழுது கைத்தொலைபேசியிற் கேட்டவுடன் விடையெழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அது எழுதித் தருவதில் இலக்கணப் பிழை இராது. உமது கந்தோரும் இராது, உமது மூன்று மாதச் சம்பளமும் இராது. முதலிற் தமிழிலே உமக்கு நடந்ததை மூன்று வசனத்தில் எழுதும். பிறகு அதை உமக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மாற்றும். பிழையிருந்தாலும் அது உமது விடை.

இனிப் பெரியோர்களுக்குச் சில வார்த்தை. இச்சபையிற் பலர் பாடசாலைச் சபைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், கொம்பனிகளிலும் மேசைக்கு அப்பால் இருப்பவர்கள். வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலிலே, ஆளுவோருக்குரிய கடமைகளோடு சேர்த்து வைத்திருக்கிறார். ஆளைத் தெரிந்தெடுக்குங் கடமை தெரிந்தெடுப்பவருடையது. பரீட்சிக்கப்படுபவர் தாமே தம்மை நிறுத்துக் காட்டவேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். நமது தராசைச் சரிபார்ப்பதில்லை. "ஏன் விட்டீர்?" என்று கேட்கும் குரலிலேயே தீர்ப்பு இருந்தால், உண்மை பேச வந்த பிள்ளையும் பொய்க்கு ஒதுங்கும். கலியாணம் பேசுகிறார்களா, பிள்ளை பெற்றால் வருவீரா என்று பெண்களிடம் கேட்பதை இனியாவது விடவேண்டும். பழைய முகாமையாளரோடு தொலைபேசியிற் பேசினால், அவர் சொன்னதைக் கேட்டு முடிவு கட்டாமல், பிள்ளை சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இன்னொன்று: நமது நிறுவனத்திலிருந்து இந்த இரண்டு வருடத்திற் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டால், நம்மிடம் மூன்று வசனத்தில் மெய்யான விடை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். அப்படிக் கேட்ட ஒரு பிள்ளையை நாம் கண்டிருக்கிறோம். மரியாதையாகத்தான் கேட்டாள். மேசையில் இருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வாசித்துவிட்டுப் போவதால் இது கைவராது, பழகவேண்டும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்திருக்கும் அங்கத்தவர்கள், விலகற் கடிதப் பிரதியையும் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலைகளிற் பூசை முடிந்த பின் சங்க மண்டபத்துக்கு வாருங்கள். முன் வரிசையில் இருக்கும் பெரியோர் மூவர் மேசை போட்டு இருந்து கேட்பதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி இதுவென்று இப்பொழுதே தெரியும். மூன்று வசனத்தோடு வாருங்கள்.